போன தடவை மாதிரியே!

ஞாயிற்றுக்கிழமை காலை.

தெருமுனையில் ஒரு சலூன். வாசல் பெஞ்சில் ஆறு பேர். ஒருவர் கையில் பத்திரிகையின் முதல் பக்கம். அடுத்தவர் கையில் நடுப்பக்கம். சினிமாப் பக்கம் மூன்றாவது ஆளிடம் போய்விட்டது!

ஒரே பத்திரிகையைப் பல பேர் பிரித்துக்கொண்டு படிக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று டீக்கடை. மற்றொன்று முடி திருத்தும் கடை. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவர்களில் எத்தனையோ பேருக்கு இந்தப் பெஞ்சுதான் பள்ளிக்கூடம்.

நாற்காலி காலியாகிறது. அடுத்தவர் எழுந்து போய் உட்காருகிறார். கடைக்காரர் துணியை உதறி அவர் கழுத்தைச் சுற்றிக் கட்டுகிறார்.

"எப்படி வெட்டணும்?" என்று கடைக்காரர் கேட்கவில்லை.

"போன தடவை மாதிரியே" என்று வந்தவரும் சொல்லவில்லை.

கத்தரி பேச ஆரம்பித்துவிட்டது!

அதே தெருவில் இன்னும் இரண்டு சலூன்கள் இருக்கின்றன. ஒன்றில் குளிர்சாதன வசதி உண்டு. மற்றொன்றில் கட்டணம் பத்து ரூபாய் குறைவு. இரண்டிலும் கூட்டம் இல்லை. போனவுடன் வெட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஆனாலும் இந்த ஆறு பேரும் இங்கேதான் காத்துக் கிடக்கிறார்கள்.

ஏன்?

இவர்கள் இந்தக் கடையின் வாடிக்கைக்காரர்கள். 'வாடிக்கை' என்றால் பழக்கம் என்றும் பொருள். ஒருவர் ஒரு முறை கடைக்கு வந்து போனால் அது வியாபாரம். யோசிக்காமலே அவர் கால் அந்தக் கடைப் பக்கம் திரும்பினால் அது வாடிக்கை. முதலாவதை விளம்பரப் பலகை வைத்துப் பிடித்துவிடலாம். இரண்டாவதற்குப் பல வருஷம் ஆகிறது.

ஒரு தலையின் கணக்கு

மனிதனின் தலைமுடி மாதத்துக்குச் சுமார் அரை அங்குலம் வளருகிறது. ஆகவே மாதம் ஒரு முறை சலூனுக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஒரு வீட்டில் அப்பா, இரண்டு பையன்கள். வருஷத்துக்கு 36 வெட்டு. ஒரு வெட்டுக்கு ரூ.100 என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு ரூ.3,600. பத்து வருஷத்துக்கு ரூ.36,000. முகச்சவரம் இதில் சேரவில்லை. மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று அவர்கள் அழைத்து வருகிறவர்களும் சேரவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள். கடையில் கூட்டம். அந்த வீட்டுப் பையன் தனியாக வந்து உட்காருகிறான். "இன்றைக்கு ரூ.120" என்று வெட்டி முடித்த பிறகு கடைக்காரர் சொல்லுகிறார். பையனிடம் இருப்பது நூறு ரூபாய்தான். முகம் சுருங்கி வீட்டுக்கு ஓடுகிறான். மீதி இருபது ரூபாயை வாங்கி வந்து கொடுக்கிறான்.

அடுத்த மாதம் மூவரும் வேறு கடையில்!

இருபது ரூபாய்க்காக முப்பத்தாறாயிரம் போயிற்று. ஆனால் கடைக்காரருக்கு இது தெரியவே தெரியாது. வாடிக்கை முறிந்தால் சத்தம் கேட்காது. சண்டை போடுகிற வாடிக்கைக்காரர் கோபம் தணிந்ததும் திரும்பி வந்துவிடுவார். பேசாமல் நின்றுவிட்டவர்தான் வரமாட்டார். 'ஏன் நான்கு மாதமாக ஆளைக் காணோம்?' என்று நினைத்துப் பார்க்கிற கடைக்காரர் புத்திசாலி. தெருவில் கண்டபோது, கோபம் இல்லாமல் நலம் விசாரிக்கிறவர் அதைவிடப் புத்திசாலி.

கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. வாடகை ஏறுகிறது. மின்சாரக் கட்டணம் ஏறுகிறது. பிளேடு, சோப்பு, பவுடர் எல்லாம் ஏறுகிறது. உயர்த்தத்தான் வேண்டும். ஆனால் எப்பொழுது சொல்லுவது? உட்காருவதற்கு முன்பா, வெட்டிய பின்பா? 'அடுத்த மாதம் முதல் ரூ.120' என்று ஒரு அட்டையில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டால் போதும். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுவார்கள். வெட்டிய முடியைத் திருப்பி ஒட்ட முடியாத நேரத்தில் சொன்னால், ஏமாற்றிவிட்டார் என்றுதான் தோன்றும்.

உச்சியில் இரட்டைச் சுழி

நல்ல முடிதிருத்துநரின் மூலதனம் கத்தரி, சீப்பு, மிஷின், கண்ணாடி என்று பலர் நினைக்கிறார்கள். அவை கடையில் விலைக்குக் கிடைக்கும். விலைக்குக் கிடைக்காத சரக்கு ஒன்று அவரிடம் இருக்கிறது. அது ஞாபகம்!

இந்தத் தலையில் உச்சியில் இரட்டைச் சுழி. ஒட்ட வெட்டினால் முடி குத்திட்டு நிற்கும். அந்தத் தலையில் இடது காதுக்குப் பின்னால் ஒரு மரு. கத்தி பட்டால் ரத்தம் வரும். இவருக்குக் கிருதா காது மடலோடு நிற்க வேண்டும். அவருக்கு மீசை நுனியைத் தொட்டால் கோபம் வரும். முன் வழுக்கையை மறைக்கப் பக்கத்து முடியைக் கொஞ்சம் நீளமாக விடவேண்டியவர் ஒருவர். அதை அவர் வாய் திறந்து சொல்ல மாட்டார். கடைக்காரராகத் தெரிந்துகொண்டு, தெரிந்துகொண்டதைக் காட்டாமல் வெட்ட வேண்டும்.

இருநூறு தலை, முந்நூறு தலை. எதையும் அவர் எழுதி வைக்கவில்லை. எல்லாம் விரல் நுனியில் இருக்கிறது.

புதிய கடையில் போய் உட்கார்ந்து பாருங்கள். 'மேலே கொஞ்சம், பக்கத்தில் ஒட்ட, பின்னால் மிஷின் வேண்டாம்' என்று பாடம் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தாலும் வேறு மாதிரி வந்து நிற்கும். பழைய கடையில் கண்ணை மூடிக்கொண்டு உட்காரலாம். தூங்கிக்கூடப் போகலாம். கழுத்துக்குப் பக்கத்தில் ஒருவர் கத்தி வைத்திருக்கிறார். இவர் குறட்டை விடுகிறார்! இதைவிடப் பெரிய நம்பிக்கை உலகத்தில் எந்தத் தொழிலில் உண்டு?

ஞாபகம் என்றால் தலையைப் பற்றிய ஞாபகம் மட்டும் போதாது. போன மாதம் வந்தபோது மகளுக்கு வரன் பார்ப்பதாகச் சொன்னார். இந்த மாதம் "பாப்பா விஷயம் கூடி வந்ததா, அண்ணே?" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். ஆனால் அந்த வரன் விஷயத்தை அடுத்த நாற்காலிக்காரரிடம் சொல்லிவிட்டால் குடி கெட்டது! சலூனில் பேசாத பேச்சு இல்லை. வீட்டுச் சண்டை, கடன், கல்யாணம், வழக்கு எல்லாம் அங்கே கொட்டப்படுகின்றன. காது எவ்வளவு பெரியதோ, வாய் அவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும். 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று பல கடைகளில் பலகை மாட்டியிருக்கிறார்கள். அதன் கீழே உட்கார்ந்துதான் எல்லோரும் அரசியல் பேசுகிறார்கள். கடைக்காரர் மட்டும் எந்தக் கட்சி என்று கடைசி வரையில் தெரியாது!

பலகை மேல் ஒரு ராஜா

சலூனில் ஒரு மரப்பலகை உண்டு. சுவரோரம் சாய்த்து வைத்திருப்பார்கள். நாற்காலியின் இரண்டு கைகளின் மேலும் அதைக் குறுக்கே போட்டு, அதன் மேல் குழந்தையைத் தூக்கி உட்கார வைப்பார்கள்.

குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டாயிற்று. முடி மறுபடியும் வளர்ந்துவிட்டது. இப்பொழுது முதல் தடவையாகச் சலூன்.

பையன் அழுகிறான். மிஷின் சத்தம் அவனுக்குப் பூச்சி மாதிரி கேட்கிறது. தலையை அசைக்கிறான். "ஆட்டாதே, காதை வெட்டிடுவார்!" என்று அப்பா பயமுறுத்துகிறார்.

கெட்டிக்காரக் கடைக்காரர் இப்படிப் பயமுறுத்த விடமாட்டார். மிஷினை அணைத்துப் பையன் கையிலேயே கொடுப்பார். "நீயே பிடிச்சுப் பாரு, ராஜா" என்பார். பவுடர் பஞ்சை மூக்கில் ஒற்றிச் சிரிப்புக் காட்டுவார். வழக்கத்தைவிடப் பத்து நிமிஷம் கூட ஆகும். பெஞ்சில் இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஆகட்டும். அந்தப் பத்து நிமிஷம் வீண் போவதில்லை. அடுத்த முறை பையன் தானாகவே பலகையில் ஏறிக்கொள்வான்.

வீட்டுக்குப் போனதும் தீர்ப்புச் சொல்லுகிறவர் அம்மா. "இது என்ன, எலி கடித்த மாதிரி!" என்றால், கடை மாறிவிட்டது என்று அர்த்தம். "பரவாயில்லை, முகம் தெரிகிறது" என்றால், இருபது வருஷத்துக்கு வாடிக்கை உறுதி. சலூனுக்குள் காலே வைக்காத ஒருவர்தான் அந்தக் குடும்பத்தின் உண்மையான வாடிக்கைக்காரர்!

பலகை தேவைப்படாத உயரம் வந்த அன்று பையனுக்கு ஒரு பெருமை. பெரியவர்கள் மாதிரி நேராக நாற்காலியில் உட்காருகிறான். பிறகு ஒரு நாள் மேலுதட்டில் பூனைமுடி. முதல் சவரமும் அதே கையால்தான். கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளையாக வந்து உட்காரும்போதும் அதே கைதான்.

ஐந்து நிமிஷம் என்னும் பொய்

வாசலில் வண்டியை நிறுத்தி, எட்டிப் பார்த்து, "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்கிறார் ஒருவர்.

"ஐந்து நிமிஷம், சார். உட்காருங்க."

உள்ளே மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு இருபது நிமிஷம் என்றாலும் ஒரு மணி நேரம். கடைக்காரருக்கும் இது தெரியும். வந்தவரை விட மனசு வரவில்லை. பொய் சொல்லி உட்கார வைத்துவிடுகிறார். அவர் ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார். அன்றைய நூறு ரூபாய் கிடைத்துவிடுகிறது.

"மூன்று பேர் இருக்காங்க, சார். கறிக்கடைக்குப் போயிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க. நாலாவது ஆள் நீங்கதான்" என்று சொல்லிப் பார்க்கட்டும். பலர் திரும்பி வருவார்கள். சிலர் வேறு கடைக்குப் போய்விடலாம். ஆனால் அவர்களும், 'இவர் சொன்னால் சரியாக இருக்கும்' என்று தெரிந்துகொண்டுதான் போகிறார்கள்.

இதைவிட மோசமானது முறை தப்புவது. பெரிய மனிதர் ஒருவர் காரில் வந்து இறங்குகிறார். பெஞ்சில் காத்திருக்கும் கூலிக்காரரை விட்டுவிட்டு, அவரை நாற்காலிக்கு அழைத்தால் என்ன ஆகும்? பெரிய மனிதர் சந்தோஷப்படுவார். பெஞ்சில் இருக்கும் ஆறு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! ஒரு வாடிக்கையைக் குளிர்விக்க ஆறு வாடிக்கையைச் சுடுவது என்ன வியாபாரம்? தவிர, சலூன் நாற்காலிக்கு ஒரு மரியாதை உண்டு. வரிசையில் வந்தவர் யாராக இருந்தாலும், அந்த இருபது நிமிஷம் கண்ணாடியில் தெரிகிறவர் அவர்தான்.

குடிமகன்

இந்த மரியாதை சும்மா வந்துவிடவில்லை.

பழைய காலத்துக் கிராமத்தில் முடிதிருத்துகிறவருக்குக் 'குடிமகன்' என்று பெயர். இன்று நாட்டின் பிரஜையைக் குறிக்கும் சொல்! ஆனால் அந்தக் குடிமகனுக்கு உரிமை எதுவும் இருக்கவில்லை. கூப்பிட்ட நேரத்துக்கு வீட்டுத் திண்ணைக்கோ, கிணற்றடிக்கோ போக வேண்டும். காசு கிடையாது. அறுவடை ஆனதும் களத்தில் நெல் அளந்து கொடுப்பார்கள். அவர் வைத்தியமும் பார்த்தார். அவர் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். ஊருக்குள் குழந்தையை முதலில் கையில் ஏந்திய மருத்துவச்சி அந்த வீட்டுக்காரிதான். இருந்தும் வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள்.

அங்கேயும் வாடிக்கை இருந்தது. தலைமுறை தலைமுறையாக இருந்தது. ஆனால் அதை விசுவாசம் என்று சொல்லலாமா? விட்டுப் போக வழி இல்லாதவர்களின் உறவுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. டவுனில் கடை என்று ஒன்று வந்த பிறகுதான், வருகிறவர் கடையைத் தேர்ந்தெடுத்தார். கடைக்காரர் தம் தொழிலுக்கு விலை சொன்னார்.

இன்னொரு கொடுமையும் உண்டு. தாழ்த்தப்பட்டவர்களுக்கு முடிவெட்டக் கூடாது என்பது பல ஊர்களின் கட்டுப்பாடு. 1955-ம் ஆண்டில் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. தீண்டாமை காரணமாக ஒருவருக்குப் பணி செய்ய மறுப்பது குற்றம் ஆயிற்று. 1976-ல் அந்தச் சட்டம் இன்னும் கடுமையாக்கப்பட்டது. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று புதுப் பெயரும் பெற்றது. ஆனாலும் சில ஊர்களில் மறுப்பு நிற்கவில்லை. பக்கத்து டவுனுக்குப் பஸ் ஏறிப் போய் முடிவெட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கடைக்காரரைக் கேட்டால், "அவங்களுக்கு வெட்டினா மத்த வாடிக்கை போயிடும்" என்கிறார். அவருடைய பயம் பொய் அல்ல. கடைக்கு இடம் கொடுத்தவர்களும் அந்த மற்றவர்கள்தான். ஆனால் ஒருவரை வெளியே நிறுத்தினால்தான் தங்கும் என்கிற வாடிக்கை, கடைக்காரரின் கழுத்தில் கட்டிய கயிறு. பழைய களத்து நெல்லைப் போலத்தான் அதுவும். இந்தக் கயிற்றை அறுக்க வேண்டிய பொறுப்பு அவர் ஒருவருக்கு மட்டும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் நாலு பேர், "அவரும் வரட்டும். வரிசையில் உட்காரட்டும்" என்று சொன்னால் போதும். சொல்லுகிறார்களா?

'டக்' என்று ஒரு சத்தம்

முன்பு ஒரே சவரக்கத்தியைத் தோல்பட்டையில் தீட்டித் தீட்டி எல்லோருக்கும் போட்டார்கள். யாரும் தவறாக நினைக்கவில்லை.

1986-ல் இந்தியாவின் முதல் எய்ட்ஸ் கிருமித் தொற்று சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது. ரத்தம் பட்ட கத்தியின் மூலமும் நோய் பரவக்கூடும் என்ற செய்தி பரவிற்று. கல்லீரலைத் தாக்கும் மஞ்சள் காமாலைக் கிருமியும் அப்படிப் பரவக்கூடியதுதான். அதன் பிறகு பாதி பிளேடைச் செருகும் கத்தி கடைகளில் பரவியது. இன்று சவரத்துக்கு உட்கார்ந்தவுடன், காகித உறையோடு பிளேடை இரண்டாக ஒடிக்கும் 'டக்' என்ற சத்தம் கேட்கிறது. பாதியைக் கத்தியில் செருகுகிறார்.

அதை வாடிக்கைக்காரரின் கண் முன்னால் ஒடிப்பதுதான் முக்கியம். முன்பே ஒடித்துச் செருகி வைத்திருந்தால், அது புதிய பிளேடாகவே இருந்தாலும் சந்தேகம் வரும். கேட்கவும் கூச்சமாக இருக்கும். கேட்க வைக்காமல் காட்டிவிடுகிற கடைக்கு ஆள் வருகிறது.

(பிளேடு மாறிவிட்டது. எல்லோர் கன்னத்திலும் தேய்க்கிற படிகாரக் கல் மட்டும் பல கடைகளில் மாறவில்லை! அதையும் கவனித்தால் நல்லது.)

கை போனால் தலையும் போகும்

இரண்டு மூன்று நாற்காலி போட்ட கடைகளில் ஒரு சிக்கல் உண்டு. முதலாளி ஒருவர். வேலை செய்கிற கைகள் வேறு. வெட்டிய பணத்தில் பங்கு என்பதே பல கடைகளில் ஏற்பாடு.

இதில் வாடிக்கை யாருக்குச் சொந்தம்?

முதலாளி தம் கடைக்கு என்று நினைக்கிறார். வருகிறவர் அப்படி நினைப்பதில்லை. நாற்காலி காலியாக இருந்தாலும், "தம்பி கையை முடிக்கட்டும், இருக்கேன்" என்று பெஞ்சிலேயே இருப்பார். அந்தத் தம்பி ஒரு நாள் கோபித்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளித் தனிக்கடை போடுகிறார். ஒரே மாதத்தில் பாதிப் பெஞ்சு காலி!

தம்பியைத் திட்டிப் பயன் இல்லை. பங்கை ஒழுங்காகக் கொடுத்தாரா, நோய் வந்தபோது கவனித்தாரா, வாடிக்கைக்காரர்கள் முன்னால் அதட்டினாரா என்று முதலாளி தம்மைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலை செய்கிறவரைத் தக்கவைக்க முடியாத கடையில் வருகிறவர் எப்படித் தங்குவார்?

இப்பொழுது பெரிய சலூன்கள் ஊர் ஊராக வந்துவிட்டன. அங்கே போன் எண்ணைச் சொன்னால், போன தடவை என்ன செய்தீர்கள் என்று கம்ப்யூட்டர் சொல்லுகிறது. பத்து தடவை வந்தால் ஒரு தடவை தள்ளுபடி. பிறந்த நாளுக்கு வாழ்த்துச் செய்தி. கேலி செய்ய வேண்டியதில்லை. தெருமுனைக் கடைக்காரர் மனசில் வைத்திருந்ததை, அவர்கள் இயந்திரத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் இயந்திரம் எண்ணிக்கையைச் சொல்லும். இரட்டைச் சுழியைத் தொட்டுப் பார்க்க வேண்டிய கை, அடுத்த மாதம் வேறு ஊர்க் கிளையில் இருக்கும்.

தூத்துக்குடியில் பொன். மாரியப்பன் வேறு வழி கண்டார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர் அவர். தம்முடைய சலூனில் ஒரு நூலகத்தையே வைத்தார். காத்திருக்கும் நேரத்தில் புத்தகம் படிக்கிறவர்களுக்குக் கட்டணத்தில் தள்ளுபடியும் கொடுத்தார். 2020-ம் ஆண்டு அக்டோபரில், வானொலியில் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமர் நரேந்திர மோடி அவருடன் பேசினார். பிடித்த புத்தகம் எது என்று கேட்டார். திருக்குறள் என்று பதில் வந்தது!

காத்திருப்பதுதான் சலூனில் பெரிய தொல்லை. அந்தத் தொல்லையையே வரும்படியாக மாற்றிவிட்டார். காத்திருந்தால் அறிவும் கிடைக்கும், காசும் மிச்சம் என்றால், யார் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்?

ஆதார் அட்டை எங்கே?

அதே 2020-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா ஊரடங்கு வந்தது. சலூன்கள் மூடப்பட்டன. செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை கண்ட கடைகள் இரண்டு மாதம் இருட்டில் கிடந்தன. அப்பாக்கள் மொட்டை மாடியில் பையன்களுக்கு முடிவெட்டினார்கள். அம்மாக்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

மே 19-ல் கிராமங்களிலும், மே 24-ல் சென்னை தவிர்த்த மற்ற இடங்களிலும் கடை திறக்க அனுமதி கிடைத்தது. ஜூன் மாதத்தில் ஓர் உத்தரவு. வருகிறவரின் பெயர், முகவரி, போன் எண், ஆதார் எண் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும்!

பலகை மேல் உட்கார்ந்த நாளிலிருந்து தெரிந்த தலை. அவரைப் பார்த்து, "ஆதார் அட்டை கொண்டு வந்தீங்களா, தம்பி?" என்று கேட்க வேண்டி வந்தது. நோய்க் காலத்துக்கு அது தேவைதான். என்றாலும் இருவருக்கும் சிரிப்பு வந்தது. முகமூடிக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

வாடிக்கைக்காரர்களின் விசுவாசத்துக்கும் அப்பொழுதுதான் பரீட்சை. கடை திறந்த அன்று நீளமான தலைமுடியோடு ஓடி வந்தவர்கள் உண்டு. அந்த இரண்டு மாதத்தில் வீட்டிலேயே வெட்டக் கற்று, மிஷினும் வாங்கிவிட்டு, திரும்பி வராமலே போனவர்களும் உண்டு. இருபது வருஷம் தம் தலையை மறக்காத மனிதர் என்ன ஆனார் என்று அவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. கடைக்காரர் மட்டும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும், வருகிறவர் மறந்துவிடலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

பை எடுத்துக்கொண்டு...

வாடிக்கைக்காரருக்கு வயதாகிறது. முதலில் மாதம் தவறாமல் வந்தவர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறார். பிறகு பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார். சலூனுக்கு இரண்டு படி. அதில் ஏற முடியவில்லை. பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து கை கொடுக்கிறார்கள். பிறகு வருவது நின்றுவிடுகிறது.

கொஞ்ச நாள் கழித்துப் பேரன் மட்டும் வந்து வாசலில் நிற்கிறான்.

"தாத்தா படுத்துட்டாரு. உங்களைத்தான் கேட்கிறாரு."

அன்று செவ்வாய்க்கிழமை. கடைக்கு விடுமுறை. முடிதிருத்துநர் ஒரு சின்னப் பையில் கத்தரி, சீப்பு, கத்தி, புது பிளேடு, ஒரு துணி எடுத்துக்கொண்டு போகிறார். அந்தக் காலத்தில் அவருடைய தாத்தாவும் இப்படிப் பையோடு வீடு வீடாகப் போனவர்தான். திண்ணையோடு நிறுத்தப்பட்டவர். இவர் உள்ளே போகிறார். கட்டில் ஓரத்தில் உட்காருகிறார். வீட்டு அம்மாள் காப்பி கொண்டு வந்து வைக்கிறார்.

பெரியவர் முகத்தில் வெள்ளைத் தாடி மண்டியிருக்கிறது. பேச்சு குழறுகிறது. கன்னம் ஒட்டிப் போய்விட்டதால் கத்தி சரியாக ஓடாது. தோலை விரலால் இழுத்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். வெந்நீரில் துணியை நனைத்து முகத்தில் ஒற்றுகிறார். தாடி ஊறட்டும் என்று காத்திருக்கிறார்.

பிளேடை ஒடிக்கிறார். 'டக்'.

இடது காதுக்குப் பின்னால் அந்த மரு. கத்தி அதைச் சுற்றிக்கொண்டு போகிறது.

முடிந்ததும் கையில் ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்துப் பெரியவர் முகத்துக்கு நேராகப் பிடிக்கிறார். பெரியவர் பார்க்கிறார். மீசை நுனியைத் தடவிப் பார்க்கிறார். உதடு அசைகிறது. என்ன சொன்னார் என்று பேரனுக்குப் புரியவில்லை.

"ஆமாங்க, ஐயா" என்கிறார் முடிதிருத்துநர். "போன தடவை மாதிரியேதான்."